வெர்லாவின் உறுப்பினர் எண்

எங்கள் வெர்லா ஸ்டென்பெர்கைப் பற்றி இந்தக் காம்ரோஸ் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் ஒன்று, ஹாக்கி அரங்கத்துக் காபி வரிசையில் இன்னொன்று. போகட்டும். அவளுடைய சிகிச்சை அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து பதினேழு வருஷமாகப் போன் எடுக்கிறவள் நான், ட்ரூடி. என் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவரவர் வாய், அவரவர் பாடு.

வெர்லாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். இரண்டு பேருக்கு நடுவே பத்து நிமிஷம் கிடைத்தால், ஏற்கெனவே துவைத்த விரிப்பை மறுபடி துவைப்பாள். எண்ணெய்ப் புட்டிகளை வரிசை மாற்றி வைப்பாள். இறைச்சி ஆலையில் ஒன்பது வருஷம் எலும்பு பிரிக்கிற வேலை செய்தவள். "மாட்டுத் தோள்பட்டையையே பிரிச்சுப் போட்டவ, மனுஷன் தோள்பட்டைக்கா பயப்படுவேன்" என்று கட்டிலில் படுத்திருக்கிறவர்களிடமே சொல்லிச் சிரிப்பாள். முப்பத்திரண்டு வயதில் மசாஜ் படித்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஐம்பதாவது வயதில், வெறும் கையாலேயே மூட்டையும் முதுகெலும்பையும் இணக்குகிற ஆஸ்டியோபதி படிக்கிறேன் என்று வாரக் கடைசிகளில் பனியில் எட்மன்டனுக்குக் காரோட்டிப் போனாள். நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் திங்கட்கிழமை காலையில் அவளுக்குக் கண் சிவந்திருக்கும், கேட்டால் தூசி என்பாள்.

இங்கே எங்கள் மாகாணத்தில் மசாஜ்காரர்களுக்கு அரசாங்கம் உரிமம் ஒன்றும் தருவதில்லை. சங்கம்தான் எல்லாம். சங்கத்தில் உறுப்பினரானால் ஓர் எண் தருவார்கள். அந்த எண் ரசீதில் இருந்தால்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். போனில் புதிதாகக் கூப்பிடுகிற யாரும் "அவங்க கை எப்படி?" என்று கேட்டதில்லை. "ரசீதுல நம்பர் வருமா?" என்றுதான் கேட்பார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள், வாத்தியார்கள், எண்ணெய்க் கிணற்று ஆட்கள் எல்லோரும் அந்த நம்பருக்குத்தான் வருகிறார்கள். நம்பர் போனால் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். ஐம்பத்தொன்பது வயதில் வெர்லா திரும்ப ஆலைக்கா போக முடியும்?

நவம்பர் முதல் வாரத்தில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

லைல் என்று ஒரு லாரி ஓட்டுநர். பின்னாலிருந்து யாரோ இடித்ததில் தோள்பட்டை போய், வெர்லாவிடம் பதினொரு தடவை வந்திருந்தான். இன்சூரன்ஸ் கம்பெனி அவனுடைய சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறது. அவனுடைய டாக்டர் எழுதியது இடது தோள். வெர்லா எழுதியது வலது. ஒரு தடவை இல்லை, பதினொரு தடவையும். செய்யாத சிகிச்சைக்கு உட்கார்ந்த இடத்தில் குறிப்பு எழுதிப் பணம் வாங்கியிருக்கிறாள் என்று கம்பெனி சங்கத்துக்குப் புகார் கொடுத்துவிட்டது. மூன்று வாரத்தில் விசாரணை. பொய்க் குறிப்பு என்று முடிவானால் உறுப்பினர் பதவி ரத்து.

வெர்லா கடிதத்தை நின்றுகொண்டே படித்தாள், நடந்துகொண்டே இன்னொரு தடவை படித்தாள்.

"அவன் இடது தோள்தானே?" என்றேன்.

"இடதுதான். இந்தக் கையால தொட்டிருக்கேன்டி. அப்புறம் ஏன் வலதுன்னு எழுதினேன்?"

"ஒரு தடவை தப்பா எழுதிட்டு அதையே பாத்துப் பாத்து எழுதியிருப்ப."

"நான் பழசைப் பாத்து எழுத மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் எழுதுகிற விதமே தனி. ஒவ்வொருவர் போனதும் எழுத மாட்டாள். மத்தியானம் ரொட்டியைத் தின்றுவிட்டு, மொத்தமாக உட்கார்ந்து, கண்ணை மூடி இரண்டு கையையும் காற்றில் நீட்டி, இல்லாத முதுகைப் பிசைவாள். எந்தக் கையில் முடிச்சு தட்டுப்பட்டதோ அதைக் கண்ணைத் திறந்து எழுதுவாள். "பியானோ வாசிச்சாச்சா?" என்று நான் தினமும் கேலி செய்வேன். "மூளைக்கு மறதி உண்டு ட்ரூடி, கைக்குக் கிடையாது" என்பாள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் அது. ஆனால் மூன்று மாதம் கழித்து வருகிறவனிடம் கூட, "உன் இடுப்புல அந்தக் கல்லு இன்னும் இருக்கா?" என்று சரியாகக் கேட்பாள்.

அந்த வாரம் முழுக்க அவளால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எனக்கும்தான். போன் அடித்தால் திடுக்கென்றது. வருஷக் கடைசி நெருங்குகிற நேரம் வேறு. டிசம்பர் முப்பத்தொன்றோடு இன்சூரன்ஸில் மிச்சமிருப்பது காலாவதியாகும் என்பதால், வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களுக்கெல்லாம் திடீரென்று முதுகு வலிக்கும். ஒரு நாளைக்கு நாற்பது போன். ஒவ்வொருவருக்கும் நேரம் எழுதும்போது, இந்த ரசீது செல்லுமா செல்லாதா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் வாயை விட்டேன். "மத்த பைலைக் கேட்டா என்ன பண்ணுவ? எல்லாம் பேப்பர்தானே. நான் உக்காந்து புதுசா எழுதித் தரேன். உன் கையெழுத்து எனக்கு வரும்."

வெர்லா துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அதைத்தான் நான் செஞ்சேன்னு அவங்க சொல்றாங்க. நீ நிஜமாவே செய்யச் சொல்றியா?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நீ செய்யற நல்லது என்னை ஜெயில்ல வைக்கும்டி."

கோபத்தில் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு மூக்கு மேல் கோபம், ஊருக்கே தெரியும். கோட்டுக்குள் கையை விடும்போது இடது தோள் சுருக்கென்றது. போன வருஷம் அரங்கத்து வாசலில் பனிக்கட்டியில் விழுந்ததிலிருந்து அப்படித்தான். வெர்லாவே எட்டுத் தடவை பார்த்திருக்கிறாள். சட்டென்று ஒன்று தோன்றியது. கோட்டை வீசிவிட்டு அலமாரியைத் திறந்து என் பைலை உருவினேன்.

வலது தோள். எட்டுத் தடவையும் வலது.

"அடியே," என்றேன், "எனக்கு எந்தத் தோள்டி?"

"இடது."

"இதைப் படி."

படித்தாள். முகம் வெளுத்துப்போனது. நான் செருப்போடு கட்டிலில் ஏறி, முகம் வைப்பதற்கென்று இருக்கிற துவாரத்தில் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்தேன். "நீ எப்பவும் பண்றதைப் பண்ணு. எங்க உக்காருவியோ அங்க உக்காரு."

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் பக்கத்தில் நின்று வேலை செய்ய முடிவதில்லை. இரண்டு வருஷமாக, படுத்திருப்பவரின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் முதுகைப் பார்ப்பாள். அங்கே உட்கார்ந்தாள். அவளுடைய வலது கை என் இடது தோளில் வந்து விழுந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்தால், குப்புறப் படுத்தவனுடைய இடது, அவளுடைய வலது கைக்குக் கீழே வருகிறது. மல்லாந்து படுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். அதனால்தான் பாதிக் குறிப்பு சரியாக இருந்து, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறதியே இல்லாத அந்தக் கை, தான் எந்தப் பக்கம் இருந்ததோ அதைத்தான் சொல்லியிருக்கிறது.

நான் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன். நெஞ்சிலிருந்து மலை இறங்கின மாதிரி இருந்தது. "அப்பாடா. பொய் இல்ல, தப்புதான். இதைச் சொன்னாப் போதும், விட்டுடுவாங்க."

வெர்லா சிரிக்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. சங்கத்திலிருந்து மூன்று பேர். நடுவில் நரைத்த தாடிக்காரர், அவரும் முப்பது வருஷம் மசாஜ் செய்தவராம். நான் சாட்சியாக வெர்லா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினாள். பிறகு இரண்டு பேரும் மேஜைக்குத் திரும்பியதும், கண்ணை மூடிக் காற்றில் பிசைந்தும் காட்டினாள். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் தாடிக்காரர் தன் கைகளையும் தூக்கி மெதுவாகக் காற்றில் வைத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"புரியுது வெர்லா," என்றார். "நானும் தலைமாட்டுலதான் உக்காருவேன். சரி, இந்த ஒரு பேஷண்ட்டுக்குத்தான் இப்படி ஆச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு முடிந்தது. நான் மேஜைக்கு அடியில் அவள் காலை உதைத்தேன். ஆபரேஷன் செய்யாத காலைத்தான்.

"இல்லைங்க," என்றாள் வெர்லா. "முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் குப்புறப் படுத்த எல்லாருக்கும். இருநூறு பேருக்கு மேல இருக்கும்."

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மற்ற இரண்டு பேரும் எதையோ எழுத ஆரம்பித்தார்கள். எனக்கு அவளை அங்கேயே கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருந்தது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. மோசடி இல்லை. எண் அவளிடமே இருக்கலாம். ஆனால் முப்பது நாளைக்குள் இரண்டு வருஷத்துக் குறிப்பையும் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சரிபார்த்து, பழையதை அழிக்காமல் பக்கத்தில் தேதி போட்டுத் திருத்தவேண்டும். அந்தத் தப்பு டாக்டர் யாருக்காவது கடிதமாகப் போயிருந்தால் தனியாகத் தெரிவிக்கவேண்டும்.

"ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தா இன்னிக்கு நிம்மதியா இருந்திருப்போம்," என்றேன். "தானா போய்த் தலையைக் குடுத்துட்டு வந்திருக்க."

"நீயா இருந்தா சொல்லியிருப்பியா?"

"ஒண்ணுக்குப் பத்து தடவை சொல்லியிருப்பேன்."

டிசம்பர் கூட்டத்துக்கு நடுவே அந்த வேலையையும் பார்த்தோம். பகலில் அவள் கட்டிலில் ஒருவரைப் பார்ப்பாள், நான் போனில் இன்னொருவரைப் பிடித்து, "உங்களுக்கு வலி எந்தப் பக்கம்?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் சிரித்தார்கள். ஒரு கிழவர், "ரெண்டு பக்கமும்தான், எதை வேணா எழுதிக்கோ" என்றார். லைல் நேரிலேயே வந்து, "என் தோளை வச்சு இத்தனை ரகளையா?" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் அம்மா செய்த பெரோகி கொழுக்கட்டை ஒரு டப்பா கொண்டுவந்திருந்தான். பைல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

இருபதாம் தேதி வாக்கில் ஆர்டிஸ் மொல்னாரின் பைல் வந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பது வயதிருக்கும். போன குளிர்காலக் கடைசியில் ஒரே ஒரு தடவை வந்தவள். குறிப்புக்குப் பின்னால் ஒரு கடித நகல் இருந்தது. மார்ச் மாதம், வெர்லா அவளுடைய டாக்டருக்கு எழுதியது. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே அசையாத, கெட்டியான கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படுகிறது, தயவுசெய்து ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அதற்குக் கீழே டாக்டரின் பதில். வலது பக்கம் ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை.

நான் பைலை மேஜையில் வைத்தேன். வெர்லாவைக் கூப்பிட்டேன்.

வெர்லா வந்து படித்தாள். கண்ணை மூடினாள். காற்றில் கையை நீட்டினாள். அவளுடைய வலது கை நின்ற இடத்தில் அப்படியே நின்றது.

உடனே போன் போட்டாள். ஆர்டிஸ் பஸ் டிப்போவில் இருந்தாள், ஸ்பீக்கரில் என்ஜின் சத்தம் கேட்டது. வெர்லா சுற்றி வளைக்கவில்லை. "ஆர்டிஸ், நான் உங்க டாக்டருக்குத் தப்பா எழுதிட்டேன். கட்டி இடது பக்கம். இன்னிக்கே போய்க் காட்டுங்க. நானும் இப்பவே அவருக்குப் போன் பண்றேன்."

"ஒண்ணுமில்லைன்னு அப்பவே சொல்லிட்டாங்களே."

"வேற பக்கம் பாத்தாங்க. என் தப்பு."

அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் நின்றது. "சரி," என்றாள் ஆர்டிஸ். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே வெர்லா சங்கத்துக்கும் எழுதினாள். தாடிக்காரர் போனில் கூப்பிட்டார், நல்ல மனுஷன். தானாகத் தெரிவித்ததால் இது எச்சரிக்கையோடு போகும், ஆனால் அந்த அம்மாள் முறைப்படி புகார் கொடுத்தால் எங்கள் கையில் ஒன்றுமில்லை, எண் போய்விடும் என்றார். நான் அன்றிலிருந்து, ஆர்டிஸ் வாயைத் திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்குக் கட்டி ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டியிருக்கவேண்டும். அது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. சொல்லவே நாக்குக் கூசுகிறது.

கட்டி இருந்தது. கெட்ட கட்டி. ஜனவரியில் எட்மன்டனில் வெட்டி எடுத்தார்கள். சுற்றியிருந்த சதையையும் நிறையவே எடுக்கவேண்டியதாகிவிட்டது என்று டிப்போவில் வேலை பார்க்கும் என் மைத்துனி சொன்னாள். வெர்லா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு தடவையும் ஆர்டிஸ் தூங்குகிறாள் என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டாள். வந்த பிறகு வெர்லா அந்த அறையில் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். நான் கதவைச் சாத்திவிடுவேன், பார்க்கச் சகிக்காது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"ஆர்டிஸ் பேசறேன். வெர்லா இருக்காங்களா?"

வெர்லா துண்டுகளோடு வந்துகொண்டிருந்தாள். பேரைக் கேட்டதும் எல்லாவற்றையும் என் மேஜையில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். "சொல்லுங்க ஆர்டிஸ். எப்படி இருக்கீங்க?"

"உயிரோட இருக்கேன். கை தோளுக்கு மேல வரலை. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாதுன்னு பஸ்ஸைப் பிடுங்கிட்டாங்க. பத்தொம்பது வருஷம் ஓட்டினேன் அந்த ரூட்டை." கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. "மார்ச்லயே பாத்திருந்தா கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்திருக்கும், சதையைத் தொட்டிருக்க வேணாம்னு டாக்டர் சொல்றாரு. ஒன்பது மாசம் அது பாட்டுக்கு வளந்திருக்கு."

"ஆமா," என்றாள் வெர்லா. "நான்தான் காரணம்."

"நீங்க கூப்பிட்டுச் சொல்லலைன்னா செத்திருப்பேன்னும் சொல்றாரு. அதுவும் எனக்குத் தெரியும். ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனாலும் மனசு ஆற மாட்டேங்குது."

"ஆற வேண்டாம்."

எனக்கு ஆர்டிஸ்மேல் கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

"உங்க சங்கத்துக்குப் புகார் குடுக்கறேன்," என்றாள் ஆர்டிஸ். "ஃபாரத்தை எடுத்து வச்சு உக்காந்திருக்கேன். எல்லாம் எழுதிட்டேன். உங்க உறுப்பினர் எண் கேக்குது. ரசீதைத் தேடினேன், கிடைக்கலை."

நான் வெர்லாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். வேண்டாம், பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல், தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல், எதையாவது சொல். போனை வைத்துவிடக் கூடக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு பிரித்த கை, அசைக்க முடியவில்லை.

"எழுதிக்கோங்க," என்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள், அடி எடுத்து வைக்கவில்லை. "நாலு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, எட்டு."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம். வெட்டியது இடது தோளை, அதனால் வலது கைக்காரியாகத்தான் இருக்கவேண்டும், நிதானமாக எழுதினாள். பிறகு திருப்பிப் படித்தாள். "நாலு, பூஜ்யம், ஒண்ணு, ஏழு, எட்டு."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்படியே விட்டால் போதும். இல்லாத எண் என்று ஃபாரம் திரும்பிவரும், ஒரு மாதம் ஓடும், ஆர்டிஸுக்கும் அலுத்துப்போகலாம்.

"இல்லை ஆர்டிஸ்," என்றாள் வெர்லா. "ஏழு முதல்ல வரும், அப்புறம்தான் ஒண்ணு."